குமட்டலுக்கு மதிப்பெண்

பெருங்குடி, நான்காவது மாடி, ஏசி பழுது.
ஐந்நூற்று நாற்பது கிராம் கருவியை
காலையிலிருந்து பதினோரு முகங்களில்
மாட்டிக் கழற்றியிருக்கிறேன்.
நுரைப்பஞ்சில் வியர்வை,
யாருடையதோ திருநீறு,
கடைசியாக வந்தவளின் ஸ்டிக்கர் பொட்டு.
ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்க
லென்ஸில் மறுபடி ஆவி படிகிறது.
இதை வடிவமைத்தவன்
மே மாதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

கொண்டையையும்தான்.

கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவே
அறுபத்து மூன்று மில்லிமீட்டர் என்கிறது கையேடு.
எந்த ஊர்க் கண்களை அளந்தார்களோ.

என் வேலை இது:
தலை திரும்பிய பிறகு
உலகம் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைப்பது.
இருபது மில்லிநொடிக்கு மேல் போனால் வயிறு கேள்வி கேட்கும்.
கண்ணைச் சரிக்கட்டிவிடலாம்.
காதுக்குள் ஒரு சொட்டு நீர் இருக்கிறதே,
அது எழுந்து நின்று சாட்சி சொல்லும்,
இவள் எங்கும் போகவில்லை
நாற்காலியில்தான் இருக்கிறாள் என்று.

பார்வையின் ஓரங்களை இருட்டாக்கிப் பார்த்தோம்.
நடுவில், கொஞ்சம் கீழே,
கண்ணுக்குப் பிடிமானமாக ஒரு பொய் மூக்கு வைத்தோம்.
மூக்குத்தி இருந்தால் என்னுடையது என்று நம்புவேன்
என்றாள் ரெஜினா.
வைத்தேன்.
குமட்டல் ஆறிலிருந்து நாலரைக்கு இறங்கியது.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

தேசப்பன் மட்டும் எப்போதும் பூஜ்யம்.
காசிமேட்டுக்காரர். மீன்பிடித் தடைக்காலம்,
நாளுக்கு எண்ணூறு ரூபாய் என்று வருகிறார்.
ரோலர் கோஸ்டர், பூஜ்யம்.
மலையுச்சியிலிருந்து குதித்தல், பூஜ்யம்.
வேண்டுமென்றே தாமதத்தை எண்பதாக்கி ஓட்டினேன்.
கொட்டாவி விட்டுக்கொண்டே
போட்டு இத்தவிட ஆடும் மேடம் என்றார்.

வாந்தி வராதவரை வைத்துக்கொண்டு
நாம் என்ன செய்வது என்றார் மேலாளர்.
நாளை முதல் வேண்டாமென்று நான்தான் சொல்ல வேண்டும்.
வாய் வராமல்
இன்னும் ஒன்றே ஒன்று பாருங்கள் என்றேன்.
விளம்பரத்துக்காகச் செய்த காட்சி:
விசைப்படகு, விடிகாலை, நல்ல நீலத்தில் கடல்.

பதினைந்து நொடி சிரித்த முகம்.
பிறகு பாதங்கள் அகன்று ஊன்றின.
கை காற்றில் துழாவி
அங்கே இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்தது.
முழங்கால் தானாக மடங்கியது,
வராத அலைக்கு.
மறுபடி மடங்கியது.
கழட்டு கழட்டு கழட்டு
குப்பைக்கூடையை நான் எடுப்பதற்குள்
காலை இட்லி மொத்தமும் என் செருப்பின் மேல்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
கடலு ஆடுது, காலுக்கு ஒண்ணும் வரல.
அலைக்கு முன்னாடி அடியில ஒரு இழுப்பு வரும் மேடம்.
அது எங்க?

கோப்புகளைத் திறந்து தேடினேன்.
அலையின் உயரம் இருந்தது, காற்றின் திசை இருந்தது,
நுரைக்கே மூன்று வெள்ளை இருந்தது.
இழுப்புக்கு ஒரு வரி இல்லை.
இருந்தாலும் அதை எங்கே மாட்டுவது?
நம்மிடம் இருப்பது முகத்துக்கான கருவி.

படிவத்தில் பத்து வரைதான் கட்டம்.
பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுப் பதினொன்று என்று எழுதினார்.
படியிறங்கியவர் திரும்பி வந்து
குரலைத் தாழ்த்தினார்:
எங்க ஏரியாவுல யாராண்டயும் சொல்லிடாதீங்க.

நாளைக்கும் வாங்க என்றேன்.
மேலாளரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஈரச் செருப்போடு பறக்கும் ரயிலில் நின்றேன்.
வண்டி கிளம்பியபோது
ஜன்னலில் விளக்குக் கம்பம் நகர்வதற்குமுன்
உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது.
எத்தனை மில்லிநொடி முன்னால் என்று
எண்ணப் பார்த்தேன்.
விரல்களை விரித்தபடி நான் நிற்கையில்
தரமணி வந்துவிட்டது.