கடைசி எழுத்து

உருளைக்கிழங்கு சீவுகிற மெஷின் பழுதான அன்று
பொஷேனாதான் சொன்னாள்,
கத்தி முனையில் ஒரு நீளத் தோல் தொங்க:
பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது வரைக்கும் உனக்கு வரியில்லை,
நீ உழைக்கிறதோ ஒன்பதாயிரத்துச் சொச்சம்,
மிச்சம் சும்மா கிடந்து வீணாகுது,
கொஞ்சத்தைப் புருஷனுக்குக் குடுத்துவிடேன்.

மிச்சம் என்றால் எனக்கு
சட்டியடியில் ஒட்டின சோறு,
பள்ளிக்கூடத் தட்டில் பிள்ளைகள் தொடாத பட்டாணி.
உழைக்காத காசிலும் மிச்சம் உண்டென்று
க்ராலிக்கு வந்து பதினாறு வருஷத்தில்
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை. வெளியே மழை.
இரவெல்லாம் கட்விக்கில் ஊராருடைய பெட்டி ஏற்றிவிட்டு
மேலே யசிகரன் நித்திரை.
சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துத் தொடங்கினேன்.

இருவரில் குறைய உழைப்பவர் யார்?
விடை தெரிந்த பிள்ளை மாதிரிக்
கை தூக்கப் பார்த்தேன்.
குறைய உழைப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம்.
கூட உழைப்பவர் கேட்டால் நடக்காதாம்.
இதை இரண்டு தரம் வாசித்தேன்,
விளங்காததால் இல்லை.

கலியாணத் திகதி?
கொழும்பில் கையெழுத்து வைத்தது மார்ச்சில்,
விசாவுக்காக, இரவல் சேலையில்.
தாலி ஏறியது செப்டம்பரில்.
இடைப்பட்ட ஆறு மாதம் நாங்கள் யார் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
மார்ச் என்று போட்டேன்.

பின்னுக்கு நாலு வருஷத்துக்கும் கேட்கலாம் என்றது.
ஒவ்வொன்றாகச் சரி போட்டு வந்த விரல்
மூன்றாவதில் நின்றது.

அந்த வருஷம் ஏழு மாதம்
நாங்கள் கதைக்கவில்லை.
என்னைக் கேட்காமல் அவர் தம்பிக்கு அனுப்பிய ஆறாயிரம் பவுண்
வீட்டுக்குள் ஒரு மூன்றாவது ஆளாக
நடந்து திரிந்தது.
பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினோம்:
பால் முடிந்தது.
பொய்லர்காரன் வியாழன் வருவான்.
சாவி சப்பாத்துக்குள்.

அந்த வருஷம் மணமானவர்களாக இருந்தீர்களா
என்றுதான் கேள்வி.
கதைத்தீர்களா என்று இல்லை.
இருந்தோம்.
சரி.

நான் கொடுப்பது ஆயிரத்து இருநூற்று அறுபது.
அவரிடம் போய்ச் சேரும்போது
இருநூற்று ஐம்பத்திரண்டு.
கீரை வதக்கியவளுக்கு இது புதினம் இல்லை:
சட்டி நிறையப் போட்டால்
ஒரு பிடி வரும்.

அனுப்பு என்பதை அழுத்தினேன்.
மேலே குறட்டை
ஒருமுறை நின்று, பிறகு தொடர்ந்தது.

மூன்றாம் கிழமை இரண்டு மண்ணிறக் கடிதங்கள்.
இலக்கங்கள் மாறியிருந்தன, வாலில் ஒவ்வொரு எழுத்து.
அவருடையது
ஆயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று, எம்.
என்னுடையது
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று, என்.
குசினியில் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.
எம்.
என்.
அவை ஆங்கில எழுத்துகள் என்பதை
என் நாக்கு நம்பவில்லை.
கொடுத்தவளிடம் "என்" எப்படி வந்தது,
வாங்கியவரிடம் "எம்" எப்படிப் போனது
என்று வரிக் கந்தோருக்குப் போன் எடுத்தா கேட்பது?

செக் பிறகு வந்தது, அவர் பெயருக்கு.
ஆயிரத்து எட்டுப் பவுண்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இது என்ன காசு?
என்ர காசு, உழைக்காதது.
என்னைக் கேட்காமல் செய்தனீரோ?
ஓம், என்றேன்,
நீங்கள் தம்பிக்குச் செய்த மாதிரி.

மழை விட்டிருந்தது போல.
ஒன்றும் சொல்லாமல் கெட்டிலில் தண்ணி பிடித்தார்,
ஒரு ஆளுக்கு அளந்து,
பிறகு பைப்பைத் திரும்பத் திறந்து
இன்னும் கொஞ்சம்.

செக் இப்போது பிரிட்ஜ் கதவில்,
காந்தத்துக்குக் கீழே, சீட்டுகள் இருந்த இடத்தில்.
வங்கியில் போடவில்லை.
நீரே சொல்லும் என்கிறார்.

பாடம் ஒன்றுக்கு முப்பத்தெட்டுப் பவுண் என்றால்
கார் ஓட்டப் பழக இருபத்தாறு பாடம்,
மிச்சம் இருபது பவுண்.
கணக்குப் பார்த்துவிட்டேன்.
இன்னும் சொல்லவில்லை.