அடைப்புக்குறிக்குள்

காது கேளாதவர்களுக்கு
நாடகத்தின் சத்தத்தை எழுதிக் கொடுப்பது என் வேலை.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து, அதற்கு மேல் போகக் கூடாது.
பேச்சென்றால் பேசியபடியே.
பேச்சில்லாத சத்தம் அடைப்புக்குறிக்குள்:
[தூரத்தில் பீரங்கி]
[குதிரை கனைக்கிறது]
[சேற்றில் பூட்ஸ் கால்கள்]

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, இரவு ஒன்பது மணிக்கு
நான்காம் பாகம். எனக்கு அனுப்பியது வியாழக்கிழமை.
ஜன்னலுக்கு வெளியே அபர்டேர் மழை,
ஹெட்போனுக்குள் பிரான்ஸ்.

நடிகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
நடுங்குவதற்கு ஆள் வைத்துப் பழக்கியிருக்கிறார்கள்.
குறை சொல்ல முடியாது, நன்றாகவே நடுங்குகிறான்.
முதலில் இடது கை, பிறகு தாடை,
பிறகு கட்டிலின் இரும்புக் கால் தரையைத் தட்டத் தொடங்குகிறது.
[கட்டில் கிடுகிடுக்கிறது] என்று எழுதினேன்.
வேடிக்கை போல ஒலித்தது. அழித்தேன்.
[கட்டில் ஆடுகிறது]
தொட்டில் ஞாபகம் வந்தது. அதையும் அழித்தேன்.
தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

பிறகு மின்சார வைத்தியம்.
பேச்சு நின்றுபோன சிப்பாயின் தொண்டையில்
டாக்டர் கம்பியை வைக்கிறார்.
மூன்றாம் தடவை அவன் வாய் திறந்து
'அம்மா' என்கிறான்.
வயலின்கள் கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்திருக்கின்றன.
[நெகிழ்ச்சியான இசை]
சம்பளம் வாங்குகிறேனே, எழுதினேன்.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர்.
இத்வால் புரோசர், அப்பாவுக்குப் பெரியப்பா முறை.
சுரங்கத்துக்குள் குதிரை ஓட்டியவர்.
மாமெட்ஸ் காட்டிலிருந்து திரும்பியபோது
இரண்டு கையும் இரண்டு காலும் இருந்ததால்
என்ன விசாரிப்பதென்று ஊருக்குத் தெரியவில்லை.
செத்தவர்களுக்குச் சதுக்கத்தில் கல் நட்டார்கள்.
இவர் சாகவில்லை.
எல்லைக்கு அப்பால், ஷ்ராப்ஷையரில் ஒரு மனநோய் மருத்துவமனையில்
முப்பத்தெட்டு வருஷம் உருளைக்கிழங்கு உரித்தார்.

நோய்க்குறிப்பேட்டின் நகல் போன வருஷம்தான் கைக்கு வந்தது.
மாற்றமில்லை. மாற்றமில்லை. எடை குறைவு. மாற்றமில்லை.
1931 பிப்ரவரியில் மட்டும் வேறொரு மை:
'நோயாளி இரவில் சத்தமிட்டார்.
பொருளற்ற ஒலி. ஏறக்குறைய ஒரு மணி நேரம்.'
கீழே கையெழுத்து, ஆர். பிட்ஸ்டாக். வார்டு காவலர்.
ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆளாக இருக்கும்.

இத்வாலுக்கு வீட்டில் வெல்ஷ், தேவாலயத்தில் வெல்ஷ்,
பூமிக்கடியில் குதிரையோடும் வெல்ஷ்.
ஒரு மணி நேரம்.
என் கணக்கில் அறுநூறு வரியாவது தேறும்.

பிட்ஸ்டாக்கைத் திட்டத்தான் நினைத்தேன்.
ஆனால் எங்களிடமும் ஒரு சுருக்குவழி உண்டு.
இரண்டாம் பாகத்தில், கைதான ஜெர்மன் பையன் ஒருவன்
முழங்காலில் நின்று என்னவோ மன்றாடினான்.
[வேறு மொழியில் பேசுகிறான்]
அவ்வளவுதான் போட்டேன்.
ஒருவரும் புகார் எழுதவில்லை.

ஞாயிறு காலை சதுக்கத்தில் இரண்டு நிமிஷ மௌனம்.
தொழில் புத்தி சும்மா இருக்குமா?
[கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுகிறது]
[யாரோ இருமலை விழுங்குகிறார்]
கல்லில் பிரைஸ் மூன்று பேர், அடுத்தது பியூ.
புரோசர் கிடையாது.

இரவு ஒன்பதுக்கு, தெருவெல்லாம் ஜன்னல்கள் நீலமாக மாறியபோது
நான் நாடகம் பார்க்கவில்லை.
இரண்டாம் பாகத்தைத் திறந்துவைத்து
பள்ளியில் ஜெர்மன் நடத்தும் கெர்லிண்டேக்குப் போனைப் போட்டு
ஒலிபெருக்கியின் பக்கத்தில் பிடித்தேன்.
மறுஒளிபரப்புக்காவது ஆகட்டும்.
திரும்பப் போடு என்றாள். மறுபடியும் போடச் சொன்னாள்.
வசனகர்த்தா எழுதியதா, பையன் தானாகச் சொன்னதா,
தெரியவில்லை.
முப்பத்தேழு எழுத்துக்குள் அடங்கவில்லை,
நான்கு வரியாக உடைத்தேன்:

ஒரு பூட்ஸைக் கழற்றிக்கொண்டீர்கள்.
இதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா.
ஒற்றை பூட்ஸோடு
எனக்கு நடக்க வரவில்லை.