தூங்கும்போது எண்ணவும்

இந்தச் சாலையில் மட்டும்
இருக்கைப்பட்டை போடுவது குற்றம்.
கடல்மேல் உறைந்த பனி விரிசல் விட்டால்
கதவைத் திறந்து குதிக்க வேண்டுமல்லவா.
கட்டப்படாமலே வந்து சேர்ந்தோம்,
நானும், ரத்தம் சுழற்றும் இயந்திரமும்,
எட்டு வயதைக் கடந்த நாய்களின் பட்டியலும்.

ஹீயுமா தீவு. பிப்ரவரி.
தீயணைப்பு வண்டியைப் பனியில் நிறுத்திவிட்டு
அதன் கொட்டகையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.
மைமு தன் நாயின் சிறுநீரை
ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்தாள்.
மூடியில் இன்னும் இருந்தது:
'வெள்ளரி, ஆகஸ்ட்.'

மூன்றாவதாக ஹெல்துர்.
படகு எஞ்சின்களோடு நாற்பது ஆண்டு;
காதில் மிச்சம் இருப்பது எஞ்சின் மட்டும்.
என் கேள்விகளை என் உதட்டில் படித்தார்.
மேசையில் ஏற்றியதும்
மூரி நிமிர்ந்து கொட்டாவி விட்டது
மூரி என்ற அந்த நாய்.

தண்ணீர் அதிகம் குடிக்கிறதா?
'வடக்குக் காற்று அடித்தால்.'
படி ஏறத் தயங்குகிறதா?
'படுக்கையைக் கீழே இறக்கிவிட்டோம். இரண்டு பேருக்கும்.'
இருமல்?
அவர் நாயைப் பார்த்தார்.
நாய் என்னைப் பார்த்தது.
'வயிறு குலுங்கும், பார்த்திருக்கிறேன்.
விக்கல் என்று நினைத்தேன்.'

பதினோரு கிலோ.
பின்னங்கால் சதை கரைந்திருக்கிறது.
கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.
கண்ணில் பால் படர்ந்தும் பார்வை போகவில்லை.
சிறுநீரகத்தின் எண் எல்லைக்குள்தான்,
ஆனால் வாசற்படியில் ஒரு கால் வைத்து.

இதயம்.
சரியாக மூடாத வால்வின் வழியே
பின்னுக்குக் கசியும் ரத்தத்தின் இரைச்சல்,
பழைய மடையில் தண்ணீர்.

'எனக்கும்' என்று காதைக் காட்டினார்.
குழாயைக் கொடுத்தேன்.
கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.
'எஞ்சின்தான் கேட்கிறது' என்று
கழற்றித் தந்தார்.

அவர் கையைப் பிடித்து
மூரியின் இடது முழங்கைக்குப் பின்னால்
விலாவின்மேல் வைத்தேன்.
தோலுக்கடியில்
மூடிய கைக்குள் அகப்பட்ட வண்டுபோல
ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது.
கருத்த நகங்கள் அசையவில்லை.
கொட்டகையில் யாரோ திறந்த கதவை
யாரோ சாத்தினார்கள்.
பிறகு கேட்டார்:
'கசிவு எங்கே? வால்விலா?'
வால்வில்.
'மாற்றுப் பாகம்?'
இங்கே கிடைக்காது. மாத்திரை உண்டு.
காலை ஒன்று, மாலை ஒன்று,
சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு.
அப்புறம், தூங்கும்போது
விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுங்கள்,
நிமிடத்துக்கு எத்தனை மூச்சு.
முப்பதைத் தாண்டினால்
படகோ பனியோ, எனக்குச் சொல்லியாக வேண்டும்.
'எண்ண வரும்' என்றார்.

பனிச்சாலை உருகி
இரண்டு வாரம் கழித்து
படகில் ஓர் உறை வந்தது.
விதை உருளைக்கிழங்குக் கம்பெனியின் காலண்டர் தாள்,
கட்டத்துக்கு ஓர் எண்.
இருபத்திரண்டு. இருபத்து நான்கு. இருபத்தொன்று.
ஒரு நாள் முப்பத்தாறு, பக்கத்தில்:
'கனவு. கால்கள் ஓடின.
மறுபடி எண்ணினேன், இருபத்து மூன்று.'
மார்ச் ஒன்பது:
'என் மூச்சோடு கலந்துவிட்டது. செல்லாது.'

மார்ச் பதினேழில் மட்டும் எண் இல்லை.
பென்சிலில், கட்டத்தை மீறி,
அடுத்த நாளின்மேலும் ஏறி:
'நான் முதலில் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது அது உட்கார்ந்து
என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.
எத்தனை வந்தது என்று
சொல்லவில்லை.'