பிடியளவு

பகல் ஷிப்ட் ஆள் எழுந்த சூட்டிலேயே
இரவு ஷிப்ட் ஆள் படுக்கிறான்.
சூரத், வேட் ரோடு. முப்பத்தெட்டுப் பேர்,
பாய் பத்தொன்பது.
நான் வந்த நாளிலிருந்து ஆறியதில்லை என் பாய்.
அட்சயம் என்றால் குறையாதது என்று
யாராவது விளக்க வந்தால்
முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இன்று வைசாக மூன்றாம் பிறை.
நகைக்கடை வாசலில் விடியுமுன்பே வரிசை.
இன்று வாங்கும் பொன் தேயாதாம்.
ஏணிமேல் நின்று மாவிலை கட்டுகிற பையன்
எங்கள் கஞ்சாம் பக்கத்தவன்,
முடிச்சுப் போடும் விரலிலேயே தெரிந்தது.
"என்ன அண்ணே, பவுனா அரைப் பவுனா?"
சிரித்துக்கொண்டே நடந்தேன்.
என் கடனை எந்த மூன்றாம் பிறையில் வாங்கினேனோ,
அதுவும் தேயவில்லை.

எங்கள் ஊரில் இந்த நாளுக்குப் பெயர் அகி முட்டி.
புதுக் கூடை, புது வேட்டி, பழைய நெல்.
குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்து
வீட்டு ஆண் ஒரு பிடி விதைப்பான்.
மழைக்கு இன்னும் நாற்பது நாள் கிடக்கும்,
மண் ஓடு மாதிரி வெடித்திருக்கும்.
முளைக்கும் என்று போடுவதில்லை அதை.
இந்த வருஷமும் இருக்கிறோம் என்று
நிலத்துக்கு ஒரு வார்த்தை
சொல்லிவைப்பது, அவ்வளவுதான்.

நான் சொல்லி ஏழு வருஷமாகிறது.
எனக்குப் பதில் தம்பி சொன்னான்,
பிறகு அவனும் ரயிலேறினான்.
அப்புறம் பங்காளி ஒருவர்.
இந்த வருஷம் அவருக்கு இடுப்பு.

ஒன்பதரைக்கு ஜெமா வீடியோவில் வந்தாள்.
எட்டுத் தறி என் பொறுப்பு, எட்டும் ஓடுகின்றன.
அந்தச் சத்தத்தில் ஜகந்நாதரே கூப்பிட்டாலும்
உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
மேஸ்திரி கண்ணில் படாமல்
பாவு உருளைக்குப் பின்னால் குனிந்து
அவள் உதட்டைப் படித்தேன்.
உன் பிடி எவ்வளவு?
புரியாமல் விழித்தேன்.
உன் பிடி, உன் பிடி.

சரிதான். அந்த வயலுக்குப் பழகின அளவு
ஆண் கை. அவள் கை சின்னது.
விரலை மடக்கிக் காட்டினேன்,
எண்ணெய்க் கறையும் நூல் தூசியுமாக.
அவளும் மடக்கித் திரையருகே கொண்டுவந்தாள்.
கொஞ்ச நேரம் அவள் முட்டி தவிர
உலகத்தில் வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு போன் மகள் கைக்குப் போனது.
வானம். ஜெமாவின் முழங்கால். ஒரு காக்கை. மறுபடி வானம்.
கூடை விளிம்பு தெரிந்த நொடியில்
ஐந்தாம் தறியில் இழை அறுந்தது.
ஓடிப்போய் முடிந்துவிட்டு வந்தால்
திரையில் என் முகம் மட்டும், கறுப்பாக.

ராத்திரி மெஸ்ஸில் கீரை.
இன்று எங்கள் ஆட்கள் கீரை தொடமாட்டார்கள்.
மலிவாகக் கிடைத்ததென்று
குஜராத்தி முதலாளி இறக்கியிருந்தார்.
எல்லோரும் பருப்போடு எழுந்துவிட்டோம்.
அன்றைக்கு அந்த ஊரிலேயே
கொஞ்சமும் குறையாமல் இருந்தது
அந்தக் கீரைச் சட்டிதான்.

படுத்த பிறகு அவள் குரல் செய்தியைக் கேட்டேன்.
"ஒரு பிடிதான் போட்டேன்.
உன் அளவுக்கு ஈடாக இன்னொன்று போடலாமா என்று
கூடைக்குள் கையைக்கூட விட்டேன்.
அப்புறம் வேண்டாமென்று எடுத்துவிட்டேன்.
வயல் இனி என் கைக்குப் பழகட்டும்.
சாப்பிட்டாயா?"

மூன்று தடவை கேட்டேன்.
கோபமா என்று பார்த்தேன், இல்லை.
வேறு என்னவென்று தெரிவதற்குள்
தூங்கிப்போனேன்.

காலையில் பாயை வாங்க வந்த ரங்காதர்
உலுக்கி எழுப்பினான்.
இறுக மூடிக் கிடந்ததாம் என் வலது கை.
காசென்று நினைத்தானோ என்னவோ,
ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு
"ஒன்றுமில்லையே" என்றான்.