இரண்டாம் பட்டியல்

பீடோங் பாலாய் ராயாவில் சனிக்கிழமை முகாம்.
முதல் மேசையில் சர்க்கரை, அடுத்ததில் பிரஷர்,
ஓடாத காற்றாடிக்குக் கீழே மூன்றாவதில் நான்.
ஐந்து சொற்களைச் சொல்ல வேண்டும்,
கொஞ்ச நேரம் வேறு எதையாவது கேட்க வேண்டும்,
பிறகு அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்க வேண்டும்.

குடை. சாவி. ஆட்டுக்குட்டி. நெருப்பு. மாதுளை.

இன்று என்ன கிழமை என்றேன்.
"மிஸி வந்திருக்கீங்க, அப்ப சனிதான்" என்றார் ஒச்சப்பன்.
பிறந்த வருஷம் கேட்டதற்கு
"ஐசியில உள்ளதா, எங்கம்மா சொன்னதா?"
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால்
தனக்கோடி உதட்டைப் பிதுக்கினார்.
நூறு வெள்ளி இருக்கிறது, ஏழு வெள்ளிக்குக் கருவாடு என்றதும்
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது.
"இதுக்கு மேல யாரு கருவாடு வாங்குவா?"
கடிகாரம் வரையச் சொன்னேன்.
ஒருவர் வட்டத்துக்குள் நாலரையை மட்டும் வைத்துவிட்டுப்
பேனாவை மூடினார்.
பெரட்டுக்குச் சங்கு ஊதிய நேரம்.
மற்ற எண்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

பத்து மணிக்குமேல் எல்லாருக்கும் ஞாபகம் கூடிவிட்டது.
நான் குடை என்று வாய் திறக்குமுன்
மாதுளைவரை போய்விட்டார்கள்.
எழுந்து எட்டிப் பார்த்தேன்.
மைலோவும் கறிபாப்புமாக வரிசை.
முடித்தவர் முடிக்காதவருக்குக்
காதோடு கொடுத்துக்கொண்டிருந்தார்.
பெயிலானால் வீட்டுச் சாவியைப் பிள்ளைகள் வாங்கிவிடுவார்களாம்.
யார் கிளப்பிவிட்டதோ.

கோப்பின் அடியில் இரண்டாம் பட்டியல் இருந்தது.
கயிறு. தேங்காய். குதிரை. மழை. விளக்கு.
அதற்கு மாறினேன்.
கங்காணி சொல்லாமல் நிரையை மாற்றிவிட்டதுபோல
வரிசை முணுமுணுத்தது.

கடைசியாகச் சிகப்பாயி. எழுபத்தெட்டு, ஐசிப்படி.
பின்னால் ஹெல்மெட்டும் கையுமாக அடைக்கன், அவர் வீட்டுக்காரர்.
இரண்டு முறை சொன்னேன்.
என் வாயைப் பார்த்தே இரண்டு முறையும்
விளக்குவரை திருப்பிச் சொன்னார்.
இது எந்த ஊர், இது எந்த மாதம் என்று
ஐந்து நிமிடத்தைக் கடத்தினேன்.
அந்தச் சொற்கள், அம்மா?

நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"குடை, சாவி, ஆட்டுக்குட்டி, நெருப்பு, மாதுளை."

ஒன்றுகூடச் சிந்தவில்லை.
சிரித்தார், என்னைப் பார்த்தல்ல.
அடைக்கன் ஹெல்மெட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.
"ரெண்டு மணி நேரமா சொல்லிக் கொடுத்தேன், மிஸி."

படிவத்தின்படி ஐந்துக்குச் சைபர்.
ஆனால் காலையில் விழுந்த ஐந்தும் நிற்கின்றன.
இப்போது விழுந்தவை
எந்தக் கதவு வழியாக வெளியே போயின?
இதற்குக் கட்டம் கிடையாது.
சைபர்தான் போட்டேன்.
சுங்கை பட்டாணி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம், புதன்கிழமை.
குறிப்பு என்ற இடத்தில்
'கணவர் சொல்லிக் கொடுத்தது தங்கியிருக்கிறது' என்று எழுதி,
டாக்டர் இதை வைத்து என்ன செய்வார் என்று யோசித்து,
அடிக்காமல் விட்டேன்.

மேசையை மடக்கும்போது
செம்பனைக் குலை லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது.
அது போகட்டும் என்று
மோட்டார் சைக்கிளை நிறுத்தி நின்றார்கள் இருவரும்.
அவள் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டிக்கொண்டு
அடைக்கன் சொன்னார்,
"கயிறு."

"கயிறு."

"தேங்காய்."