பிழைதிருத்தம், பக்கம் 47

மார்ச் இதழ் வழவழப்புத் தாளில் வந்தது.
அஞ்சல் பெட்டிக்குள் உருகிய பனி சொட்டியும்
அட்டை நனையவில்லை.
எனக்கு அதிலேயே சந்தேகம்.

பழைய 'பினோ' நனையும்.
ரேடியேட்டர் மேல் காயப்போட்டு
சுருண்ட பக்கத்தை இடது கையால் அழுத்திக்கொண்டு
இருபத்திரண்டு குளிர்காலம் படித்திருக்கிறேன்.
பினோ என்றால் ஃபின்னிஷில் அடுக்கு.
விறகு அடுக்கும் அதுதான்,
கணினியின் நினைவுக்குள் எண்களை
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டுவைக்கிற அடுக்கும் அதுதான்.
கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும்.

உலகம் கைகழுவிய ஒரு நிரல்மொழிக்கு
ஆண்டுக்கு நான்கு இதழ், நாற்பத்தெட்டுப் பக்கம்,
அறுநூற்றுப் பதினோரு சந்தாதாரர்கள்.
ஒருவர் பனி உடைக்கும் கப்பலில் எஞ்சின் பார்க்கிறார்.
ஒருவர் கெமி நகரத்து லிஃப்ட்டுகளுக்கு நிரல் எழுதுகிறார்.
நான் ஓலுவின் காகித ஆலையில்
ஈரப்பதம் அளக்கும் கருவியோடு மல்லுக்கட்டுபவன்.

இரண்டாம் பக்கத்தில், சிரிக்கிற ஆறு பேருக்குக் கீழே:
'உங்கள் இதழ் இனி ஒரு பெரிய குடும்பத்தில்.'
தொடங்கி நடத்திய ஔனே ரைஹாவின் பெயர்
'ஆலோசகர்' என்று
பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்.

நூலகத்துப் பின்னறையில் ஏழு பேர் கூடினோம்.
பிளாஸ்கில் காப்பி. யாரும் ஊற்றவில்லை.
"விற்றுவிட்டார்" என்றான் தோர்ஸ்டி,
செத்துவிட்டார் என்பதுபோல.
சந்தாவை நிறுத்தப்போவதாக எஸ்கோ மேசையைத் தட்டினான்.
"முதலில் கட்டு, அப்புறம் நிறுத்தலாம்" என்றாள் ஹில்லெவி.
இரண்டு ஆண்டு இதழின் கணக்கு பார்த்தவள் அவள்.
அறுநூற்றுப் பதினொன்றில்
இருநூற்று நாற்பது பேர் பாக்கி
என்று சொல்லிவிட்டு
யார் முகத்தையும் பார்க்காமல் காப்பி ஊற்றத் தொடங்கினாள்.

எனக்கும் வந்திருந்தது, ஔனேயின் கையெழுத்தில்:
'மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.'
அழகான கையெழுத்து.
பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தேழாம் பக்கம்தான் எங்களுடையது.
போன இதழின் பிழைகள், கண்டுபிடித்தவர் பெயரோடு.
சன்மானம் கிடையாது, பெயர் மட்டும்.
என் பெயர் ஏழுமுறை வந்திருக்கிறது;
ஒருமுறை என் பெயரையே பிழையாய் அச்சிட்டு
அடுத்த இதழில் அதையும் திருத்தினார்கள்.
அந்த இரண்டையும் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

இப்போது நாற்பத்தேழில் ஒரு கடற்கரை.
மடிக்கணினியோடு மணலில் ஒருத்தி,
வெயிலில் திரை தெரியாது என்று
அவளிடம் யாரும் சொல்லவில்லை.
பிழைதிருத்தம் நாற்பத்தெட்டிலும் இல்லை.
இனிப் பிழையே வராதாம்போல.

பத்தொன்பதாம் பக்கத்து நிரலை
ஆலையில் இரவுப்பணியின்போது ஓட்டிப் பார்த்தேன்.
பத்து முறை சுற்ற வேண்டியது
பதினோரு முறை சுற்றியது.
வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று
தொண்டைவரை வந்தது.

எங்கே எழுதுவது?
புதிய முகவரியில் 'வாடிக்கையாளர் அனுபவப் பிரிவு' என்றிருந்தது.
அட்டையை ஔனேயின் வீட்டுக்கே அனுப்பினேன்,
பிழையைக் குறித்து, கூடவே
மூன்றாண்டு பாக்கி, நூற்றெட்டு யூரோ.
மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்து,
மறுபடி எழுதவில்லை.

கடல் உடைந்து நகரத் தொடங்கிய வாரத்தில் பதில்.
பணம் அப்படியே உள்ளே.
'கடன் பட்டியலையும் சேர்த்துத்தான் விற்றேன்.
இது அவர்களுக்குச் சேர வேண்டியது.
பத்தொன்பதாம் பக்கம்: நீங்கள் சொல்வது சரி.'

அதற்கும் கீழே, பென்சிலில்:

'உங்கள் கடிதத்தில் ஒரு பிழை.
பாக்கி மூன்றாண்டு அல்ல, நான்கு.'

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.