வேரைத் தொடாமல்

பின்பக்கத்தில் விடைகள் இல்லை.
முதலில் அதைத்தான் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருசம் கணிதம் படிப்பிக்கிறவன்
வேறெதைப் பார்ப்பான்.
விடைகள் இருக்கவேண்டிய தாளில்
நூலகத்தின் ஊதா முத்திரைகள்,
திகதிக்குக் கீழே திகதி,
கடைசியாகச் சுனாமிக்கு முந்தின மாசம்.

எல்லாம் சென் புதிர்கள். ஏழாவது என்னை விடவில்லை:
"வேரைத் தொடாமல் மரத்தை நகர்த்து."

வெட்டி நகர்த்தலாம். பிறகு அது மரமில்லை, விறகு.
மண்ணோடு அள்ளலாம்; மண் தொடும், நான் தொடேன்.
அரைப் புள்ளி.
பூமி சுழல்கிறது, ஆகவே திருகோணமலையில் நிற்கிற எந்த மரமும்
மணிக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்...
முழுப் புள்ளி போட்டுக் கீழே கோடும் கீறினேன்.
அன்றிரவு நித்திரை வரவில்லை.
சரியாக எழுதியவனுக்கு
ஏன் வயிற்றில் கல்?

வெள்ளிக்கிழமை. உள்துறைமுக வீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு மின்விசிறி,
அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும்.
இருபடிச் சமன்பாட்டைப் பாதி அழித்துவிட்டு
அதைப் பலகையில் எழுதினேன். ஏனென்று கேட்காதீர்கள்.
"சோதினைக்கு வருமா சேர்?" என்றான் யதுர்சன்.
வந்தால் நான் எப்படித் திருத்துவேன்.

நாலரை வெயில் மேற்கு வாசலால் உள்ளே விழும் நேரம்.
கோட்டைப் பக்கத்துக் கலைமான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளைச் சப்பியபடி
வாசலை மறித்து நின்றது.
பலகை முழுக்கக் கிளை.
என் எழுத்தின் மேல்
ஒரெழுத்தும் கலையாமல்
இலையில்லாத மரம்.

காதை ஒருதரம் உதறியது.
பிறகு மரம்
சமன்பாட்டின் மிச்சத்தைக் கடந்து
மூலையில் மடிந்து
சுவரேறிப்
போனது.

"சேர், மரம் போகுது" என்றாள் ஹம்னா,
பேனையைக்கூடத் தூக்காமல்.

அது மான், என்றேன்.
ஓம் சேர், என்றாள்.

சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்பது நாள் பிந்தி, தண்டம் பதினெட்டு ரூபா.
இருபதை நீட்டிவிட்டு
மிச்சம் வாங்காமல் வந்தது
பாதி வழியில்தான் உறைத்தது.
திரும்பவில்லை. திரும்பவும் முடியாது:
வீதி நடுவில் ஏழெட்டு மான் படுத்திருந்தன,
மூதூர் பஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றது,
ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.
சைக்கிளால் இறங்கி நானும் நின்றேன்.
சட்டைப்பையில்
சிவப்புப் பேனை கசிந்துகொண்டிருந்தது.